பட்டினி போட்ட வருடம்தான் மாமரம் பூத்தது

எங்கள் வீட்டு மாமரம் நட்ட இரண்டாம் வருடமே ஒரு கொத்துப் பூ விட்டது. இடுப்பு உயரம்கூட வராத கன்று. இப்போதே காய்க்க விட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்று அந்தக் கொத்தைக் கிள்ளிப் போட்டோம். அதற்கப்புறம் ஏழாம் வருடம் முடியும்வரை பூ என்ற பேச்சே இல்லை. மரம் மட்டும் மாடி உயரத்துக்கு வளர்ந்து, அடர்ந்து, வருடத்துக்கு நாலு தடவை செம்பு நிறத்தில் கொழுந்து விட்டுக்கொண்டே இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் "என்ன செழிப்பு!" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

எட்டாம் வருடம் அதே மரம் நூறு கொத்துக்கு மேல் பூத்தது. அந்த வருடம் புதிதாக நான் எதையும் போடவில்லை. போட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான். எதை, எப்போது நிறுத்த வேண்டும் என்று புரியத்தான் இத்தனை வருடம் ஆனது.

இதற்கு முன்னால் ஒரு மரம் வைத்து இழந்திருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவறு நிறைய வீடுகளில் கண்ணுக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு நர்சரியில் ஒட்டு மாங்கன்று வாங்கி வந்து நட்டோம். முதல் வருடம் கன்று மந்தமாக இருந்தது. அடுத்த மழைக்கு அடித்தண்டிலிருந்து ஒரு துளிர் கிளம்பி விறுவிறுவென்று வளர்ந்தது. கன்றுக்கு உயிர் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அதன் இலை, மேலே இருந்த இலையைவிடக் கொஞ்சம் அகலம் குறைவாக இருந்ததைக்கூட நான் கவனித்தேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. ஒட்டுக்கன்று என்பது உண்மையில் இரண்டு செடிகள். கீழே கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. மேலே, காய்த்துப் பழகிய நல்ல ரக மரத்திலிருந்து எடுத்துக் கட்டிய ஒட்டுக்குச்சி. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் துளிர். அதை விட்டுவைத்தால் வேர் எடுத்துத் தரும் சத்தெல்லாம் முதலில் அதற்கே போகும், மேலே இருக்கிற நல்ல ரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துவிடும். எங்கள் கன்றில் அதுதான் நடந்தது. மூன்று வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது முழுக்க முழுக்க வேர்ச்செடி.

கொட்டையில் முளைத்த மரம் காய்க்க ஆறேழு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். காய்த்தாலும் என்ன ருசியில் காய்க்கும் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. அதனால் அதை வெட்டிவிட்டு வேறு கன்று வைத்தோம். வெட்டியிருக்க வேண்டியதில்லை. தண்டை முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்டு, அதில் வரும் துளிர்களில் நல்ல ரகத்தின் குச்சியை எடுத்து ஒட்டியிருக்கலாம். மூன்று வருட வேர் வீணாகாமல் இருந்திருக்கும். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, இன்றும் அதை நினைத்து வருத்தப்படுகிறேன்.

கன்று வாங்கும்போது தண்டை விரலால் கீழிருந்து மேலே தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் புடைப்பு தட்டுப்படும், பட்டையின் நிறமும் அந்த இடத்தில் மாறும். அதுதான் ஒட்டு. அது மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும். பிளாஸ்டிக் நாடா இன்னும் சுற்றியிருந்தால், ஒட்டு நன்றாகக் கூடிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பிளேடால் மெல்லக் கீறி எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் தண்டு பருக்கும்போது அது கழுத்தை இறுக்கும். ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் பிஞ்சாக இருக்கும்போதே நகத்தால் கிள்ளிவிடுங்கள். முதல் இரண்டு வருடம் மாதத்துக்கு ஒருமுறை குனிந்து அடித்தண்டைப் பார்த்தால் போதும், எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

இரண்டாவது கன்றை நடும்போது இந்தக் கவனம் எல்லாம் இருந்தது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் இருக்கும்படி குழி எடுத்து, சில நாள் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணோடு மட்கிய தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பினோம். தண்ணீர் தேங்காத மேடான இடம். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில். வெயில் விஷயத்தில் சமரசமே வேண்டாம். சுவர் நிழலில் நின்று இலையாகவே வாழ்கிற மாமரங்கள் நிறைய உண்டு, அவற்றுக்கு வேறு எந்த வைத்தியமும் பலிக்காது.

கன்று இரண்டு, இரண்டரை அடி வந்ததும் நுனியை வெட்டி மூன்று கிளையாக்கினோம். அந்தக் கிளைகள் ஒன்றரை அடி வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் வெட்டினோம். மாங்கிளையின் நுனியில் கணுக்கள் நெருக்கமாக ஒரு வளையம் போல இருக்கும். அந்த வளையத்தை ஒட்டி வெட்டினால் ஒரே இடத்திலிருந்து ஏழெட்டுத் துளிர் நெருக்கியடித்துக்கொண்டு வரும். வளையத்துக்குக் கொஞ்சம் கீழே, கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் வெட்டினால் மூன்று நாலு துளிர் வரும், அவை பலமாகவும் இருக்கும். முதல் மூன்று வருடம் பூத்தால் கிள்ளிவிட வேண்டும் என்பதும் சரியான அறிவுரைதான். குச்சிக் கன்று காயைச் சுமந்தால் பிற்பாடு மரமாகத் தேறாது. அந்த முதல் கொத்தைக் கிள்ளியதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் வழி தவறியது அதற்கப்புறம்.

தினமும் காலையில் குழாயைத் தூரில் போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பது என் வழக்கம். மழை பெய்த மறுநாள்கூட நிறுத்தியதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோழி எரு. இடையிடையே ஒரு கைப்பிடி யூரியா. பூக்கும் காலம் நெருங்கும்போது, மரம் சுத்தமாக இருக்கட்டும் என்று நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை எல்லாம் கத்தரித்துவிடுவேன். இவை மூன்றையும் பாசத்தோடுதான் செய்தேன். இந்த மூன்றும்தான் மரத்தைப் பூக்கவிடாமல் வைத்திருந்தன.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். வாழ்நாள் முழுக்க மாந்தோப்பு பார்த்தவர். ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தவர் மரத்தடியில் நின்றுவிட்டார். ஒரு கிளையைத் தாழ்த்தி, நுனியிலிருந்து இலை ஒன்றைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். இலை துணி மாதிரி மடங்கி, திரும்ப விரிந்தது.

"தம்பி, இந்த மரத்துக்குப் பசின்னா என்னன்னே தெரியல. எப்பத் தண்ணி நிறுத்துவீங்க?"

"நிறுத்துறதே இல்லைங்க ஐயா. தினமும் ஊத்துறேன்."

"அதான். முத்தின இலைன்னா கசக்கினா அப்பளம் மாதிரி நொறுங்கணும். இது இன்னும் கொழுந்துத் தன்மை போகாம இருக்கு. இதுக்கு வளர்றதுக்கே நேரம் போதல, எங்க பூக்கும்?"

அவர் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு, பிறகு தேடிப் படித்ததில் கணக்கு முழுசாகப் புரிந்தது. மாமரம் பெரும்பாலும் கிளையின் நுனியில்தான் பூக்கும். அந்த நுனி மொட்டுக்கு இரண்டு வழிதான். ஒன்று கொழுந்தாகும், இல்லையென்றால் பூவாகும். எந்த வழியில் போவது என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று குளிர். இரவு வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிச் சில வாரம் அப்படியே நீடித்தால், கொழுந்தாக வரவேண்டிய மொட்டு பூவாக வரும். இன்னொன்று அந்த நுனியின் வயது. அந்த அளவுக்குக் குளிராத ஊர்களில் வயதுதான் முக்கியம். கடைசியாகக் கொழுந்து விட்டு நாலைந்து மாதமாவது சும்மா இருந்த நுனிக்குத்தான் பூக்கும் பக்குவம் வரும். இடையில் தண்ணீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) கிடைத்தால் மரம் மறுபடி கொழுந்து விடும். கொழுந்து விட்டால் வயதுக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் செய்த மூன்று வேலைகளும் கண் முன்னால் வந்து நின்றன. தினசரித் தண்ணீர், ஓயாமல் கொழுந்தைக் கிளப்பியது. கோழி எருவும் யூரியாவும் கொடுத்த தழைச்சத்து அதற்கு மேலும் ஊக்கம் கொடுத்தது. அப்படியும் தப்பித்து முற்றி, பூக்கத் தயாராக இருந்த நுனிகளை, சரியாகப் பூக்கும் காலத்துக்கு முன்னால் நானே வெட்டிப் போட்டேன்.

சரி, எட்டாம் வருடம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உங்கள் ஊரில் மாமரம் வழக்கமாக எப்போது பூக்கிறது என்று முதலில் கவனித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

கவாத்து, அதாவது கிளைகளைக் கத்தரிப்பது, ஆறேழு மாதத்துக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். காய்த்த மரம் என்றால், கடைசிக் காயைப் பறித்த இரண்டு வாரத்துக்குள். உள்பக்கம் நெருங்கிய கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, காய்ந்த குச்சி, போன தடவை பூத்த காம்புகள் இவற்றை எடுத்தால் போதும். மரத்தடியில் படுத்து மேலே பார்த்தால் அங்கங்கே வானம் தெரிய வேண்டும், அதுதான் அளவு. உரம் அதே சமயத்தில், வருடத்துக்கு ஒரே தடவை. அதையும் தூரில் கொட்டிப் பயனில்லை. சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கிளைகளின் ஓரம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அதிகம் இருக்கும். அங்கே வட்டமாக ஆழமில்லாத பள்ளம் எடுத்து, மட்கிய எருவைப் போட்டு மூடினேன். காய்க்கிற மரத்துக்குத் தழைச்சத்தைவிடச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகம் வேண்டும். தழைச்சத்து ஒரு பங்கு என்றால் சாம்பல் சத்து ஒன்றரைப் பங்கு. கோழி எருவையும் யூரியாவையும் அந்த வருடத்தோடு விட்டுவிட்டேன்.

கவாத்தும் உரமும் கொடுத்த பிறகு மரம் ஒரே சீராகக் கொழுந்து விட்டது. அதை முற்றவிட்டேன். பூக்கும் காலத்துக்கு இரண்டரை மாதம் முன்னால் தண்ணீரை அடியோடு நிறுத்தினேன்.

அந்த இரண்டரை மாதம் எளிதாக இல்லை. மண் வெடிப்பு விட்டது. இலை பளபளப்பு போய் மங்கியது, மத்தியான வெயிலில் லேசாகத் தொங்கியது. "மரம் வாடுதுப்பா, ஒரு வாளியாவது ஊத்தட்டுமா?" என்று அம்மா தினமும் கேட்பார். "வேணாம்மா, சாயங்காலம் பாருங்க, நிமிர்ந்துடும்" என்பேன். சாயங்காலம் நிமிர்ந்துவிடும். அதுதான் நான் வைத்திருந்த அடையாளம். மாலையில் இலை நிமிர்ந்தால் மரத்துக்கு ஆபத்தில்லை. இரவிலும் தொங்கியபடியே இருந்தால் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பட்டினி, மண்ணில் வேர் ஆழமாக ஊன்றிய நாலைந்து வயது மரத்துக்குத்தான். கன்றுக்கும் தொட்டிச் செடிக்கும் இப்படிச் செய்தால் செத்துவிடும். தொட்டிக்குத் தண்ணீரைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. மணல் பாங்கான மண்ணிலும் இவ்வளவு நாள் தாங்காது.

அறுபதாம் நாள் வாக்கில் இலையைப் பறித்துக் கசக்கினேன். நொறுங்கியது.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். காலை வெளிச்சத்தில், கையெட்டும் கிளையின் நுனியில் மொட்டு தடித்திருந்தது. கொழுந்தாகப் போகிற மொட்டு கூராக, மெலிந்து, ஊசி மாதிரி இருக்கும். ஏழு வருடமாக அதைத்தான் பார்த்திருக்கிறேன். இது உருண்டு, முனை மழுங்கி இருந்தது. நாலு நாளில் செதில்கள் விரிந்து, உள்ளே கடுகு கடுகாக அரும்புகள் தெரிந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

பூத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பாதி வேலை அப்போதுதான் தொடங்கியது.

கொத்துகள் நீள ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் மாலை மரத்தடியில் நடந்தபோது, இலைகளில் மழைத்தூறல் விழுவது போல 'பட் பட்'டென்று சத்தம். வானம் தெளிவாக இருந்தது. கிளையைப் பிடித்துப் பார்த்தால், எள்ளைவிடச் சற்றே பெரிய, ஆப்பு வடிவப் பூச்சிகள் துள்ளிப் பறந்தன. தத்துப்பூச்சி. கொத்தின் காம்பில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிடும். அரும்பு காய்ந்து பொடியாக உதிரும். அது கழிக்கும் இனிப்புத் திரவம் இலையில் படிந்து பிசுபிசுக்கும், அதன்மேல் கரும்பூசணம் படரும். மரத்தடிச் செடிகளின் இலை பளபளவென்று ஒட்டினால் மேலே தத்துப்பூச்சி இருக்கிறது என்று பொருள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, பூ விரிவதற்கு முன்பே கொத்துகளிலும் தண்டுப் பட்டையிலும் தெளிக்க வேண்டும். பட்டை வெடிப்புகள்தான் அவற்றின் வீடு. அந்த வருடம் நான் பார்த்தபோதே தாமதம், கிழக்குப் பக்கக் கொத்துகள் பெரும்பாலும் போய்விட்டன. இப்போதெல்லாம் முதல் மொட்டு தடித்ததும் தெளித்துவிடுகிறேன்.

இன்னொரு எதிரி சாம்பல் நோய். இரவு குளிர்ந்து பகல் காயும் நாள்களில், கொத்தின்மேல் விபூதி தூவியது மாதிரி வெள்ளை படியும். அந்தப் பூ ஒன்றுகூடத் தேறாது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, கொத்து விரல் நீளம் இருக்கும்போது தெளித்தால் கட்டுப்படும். கடும் வெயிலில் தெளித்தால் கருகும். வேப்பெண்ணெயும் கந்தகமும் ஒன்றாகச் சேரவே கூடாது, இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது விட்டுவிடுங்கள்.

பூ விரிந்த பிறகு எந்த மருந்தும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். மாம்பூவுக்கு மகரந்தம் சுமப்பவர்களில் பெரும் பங்கு ஈக்கள்தான். தேனீயும் வரும், ஆனால் சாதாரண ஈ, பச்சையாக மினுக்கும் ஈ, அந்தரத்தில் நின்று பறக்கும் ஈ இவை எல்லாம் மொய்ப்பதுதான் நல்ல சகுனம். ஒரு காலையில் ஒரே கொத்தைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கொத்து முழுக்க வெண்மையும் மஞ்சளுமாகச் சின்னஞ்சிறு பூக்கள், நடுவில் இளஞ்சிவப்புக் கீற்று. பச்சை ஈ ஒன்று பூவுக்குப் பூ நடந்தே போனது, அதன் கால்களில் மகரந்தம் ஒட்டியிருந்தது. வீட்டைச் சுற்றி ஈ வந்தால் விரட்டுகிற எனக்கு அந்த மூன்று வாரம் ஒவ்வோர் ஈயும் விருந்தாளி.

ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் பெரும்பாலானவை ஆண் பூக்கள், அவை காய்க்காது. காய்க்கக்கூடிய பூவிலும் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். முடிவில் நிலைப்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. மிளகு அளவில், பட்டாணி அளவில், கோலிக்குண்டு அளவில் என்று மூன்று கட்டமாகப் பிஞ்சு கொட்டும். முதல் தடவை தரை முழுக்கப் பிஞ்சு கிடந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். அது மரம் தன்னால் எத்தனை காயைச் சுமக்க முடியும் என்று கணக்குப் பார்த்துக் கழிப்பது, அதைத் தடுக்கவே முடியாது. ஆனால் நாம் கூட்டிவிடக்கூடிய உதிர்வு ஒன்று உண்டு. வறண்டு கிடந்த மரத்துக்கு, பிஞ்சைப் பார்த்த மகிழ்ச்சியில் திடீரென்று தண்ணீரைக் கொட்டுவது. பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் கொஞ்சமாகத் தொடங்கி, வாரா வாரம் கூட்டி, ஒரே சீராகக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் காய்ச்சல், மறுவாரம் வெள்ளம் என்று இருந்தால் காய் உதிரும், பெரிய காய் வெடிக்கவும் செய்யும். தூரைச் சுற்றிச் சருகால் மூடாக்கு போட்டால் ஈரம் தானாகச் சீராக இருக்கும். கொட்டையே இல்லாமல், எலுமிச்சை அளவோடு நின்றுவிடும் குட்டிக் காய்களும் சில வரும். சரியாகக் கரு கூடாத காய்கள் அவை. அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இளம் மரமாக இருந்தால் கொத்துக்கு ஒன்றிரண்டு காயை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். கிளை முறியாது, அடுத்த வருடத்துக்கும் மரத்தில் தெம்பு மிஞ்சும்.

காய் கோழிமுட்டை அளவைத் தாண்டியதும் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டினேன். மாடிப்படியிலிருந்து எட்டுகிற காய்களுக்கு மட்டும். பழ ஈ முற்றுகிற காயின் தோலில் துளை போட்டு முட்டையிடும். வெளியே ஒரு புள்ளி மட்டுமே தெரியும், பழுத்து அறுக்கும்போது உள்ளே புழு நெளியும். பை கட்டாத காய்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் போனது. கட்டிய காய்களில் ஒன்றிலும் இல்லை. உதிர்ந்த, அழுகிய காய்களை மரத்தடியிலேயே விட்டால் அதிலிருக்கும் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். தினமும் பொறுக்கி, ஆழமாகப் புதைக்க வேண்டும். ஆண் ஈக்களைக் கவர்ந்து பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறியும் ஒன்று தொங்கவிட்டிருக்கிறேன். அது உதவுகிறது, ஆனால் பைக்கு ஈடாகாது.

பூத்ததிலிருந்து காய் முற்ற, ரகத்தைப் பொறுத்து மூன்றரையிலிருந்து ஐந்து மாதம் ஆகும். முற்றியதற்கு நிறத்தை நம்பாதீர்கள், தோளைப் பாருங்கள். இளங்காயில் காம்பு மேட்டில் இருக்கும், தோள் சரிந்திருக்கும். முற்ற முற்ற இருபக்கமும் தோள் எழும்பி, காம்பு பள்ளத்துக்குள் போகும், கன்னம் உப்பும். சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பறித்து வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் இன்னும் நாள் இருக்கிறது, மூழ்கினால் முற்றிவிட்டது. பறிக்கும்போது இரண்டு விரல் நீளம் காம்போடு வெட்டுங்கள். காம்பை ஒட்டி ஒடித்தால் பால் பீய்ச்சி அடிக்கும். அது பட்ட இடத்தில் காயின் தோல் கறுக்கும், நம் தோலும் சிலருக்குப் புண்ணாகும். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம், அந்தப் பாலின் காரம் இரண்டுக்கும் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து, காம்பைக் குட்டையாக நறுக்கி, காயைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட்டேன். பழுக்காத காயை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். அந்தக் குளிரில் அது பழுக்கும் சக்தியையே இழந்துவிடும்.

முதல் அறுவடை நாற்பத்திரண்டு காய். எண்ணி எழுதி வைத்திருக்கிறேன்.

மறு வருடம் ஒன்பது கொத்துதான் பூத்தது. பயந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுப்பது பல ரகங்களின் சுபாவம் என்று. காய்த்த கிளை தன் சேமிப்பை எல்லாம் காய்க்குக் கொடுத்துவிடுகிறது, புதுக் கொழுந்து நேரத்துக்கு வந்து முற்றுவதில்லை. பறித்தவுடன் கவாத்தும் உரமும் கொடுப்பது இதை ஓரளவு சரிக்கட்டும், முழுக்கச் சரியாகாது. வருடா வருடம் காய்க்க வேண்டும் என்றால் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். ஆம்ரபாலி அப்படிப்பட்டது, தசேரியையும் நீலத்தையும் கலந்து உருவாக்கிய ரகம். மரமும் குட்டையாக நிற்கும் என்பதால் சிறு இடத்துக்கு இதைத்தான் சொல்வேன். பெரிய தொட்டியில் வைப்பவர்களுக்கும் அதுவே.

பூக்க வைக்கும் மருந்துகள் பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். பிலிப்பைன்ஸில் ஒரு காலத்தில் மரத்தடியில் நாள் கணக்கில் புகை மூட்டம் போட்டுப் பூக்க வைப்பார்கள். 1970களில் அந்நாட்டுத் தோட்டக்கலை அறிஞர் ரமோன் பார்பா, பொட்டாசியம் நைட்ரேட் கரைசலை இலையில் தெளித்தாலே பூக்கும் என்று கண்டுபிடித்தார். லிட்டருக்கு 10 கிராம். காலம் தாண்டியும் பூக்காத வருடம் ஒருமுறை நானும் தெளித்தேன், இரண்டு வாரத்தில் மொட்டு தடித்தது. ஆனால் நுனி முற்றியிருந்தால்தான் அது வேலை செய்யும். கசக்கினால் நொறுங்காத இலையுள்ள மரத்தில் தெளித்தால் கொழுந்துதான் வரும். வேரில் ஊற்றும் பாக்லோபுட்ரசால் என்ற வளர்ச்சி அடக்கியைத் தோப்புகளில் பயன்படுத்துகிறார்கள். அது மண்ணில் நெடுநாள் தங்கும், அளவு தவறினால் கொழுந்து குறுகி மரமே முடங்கிவிடும். ஒரு மரம் வைத்திருக்கும் வீட்டுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

இந்த வருடம் தண்ணீரை நிறுத்தி இன்றோடு நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. காலையில் மேற்குக் கிளையிலிருந்து ஓர் இலை பறித்துக் கசக்கினேன். ஓரம் நொறுங்கியது, நடுநரம்புப் பக்கம் இன்னும் மடங்குகிறது. அம்மா வாளியைத் திண்ணை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டார். இன்னும் பத்து நாள் பார்க்க வேண்டும்.